பச்சைப் புள்ளி

மறதி நோய் வந்தபின் எஸ்தர் இரண்டு முறை வழிதவறித் தொலைந்துபோனாள். அதனால் அவள் கணவர் மாசிலாமணி, இருக்குமிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியை உதிரிப் பாகங்களாக வரவழைத்துத் தானே பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஆன்டெனா கம்பி நகராமல் எஸ்தர்தான் பிடித்துக்கொண்டாள்.

“இது யாருக்கு, அண்ணாச்சி?” என்றாள். முன்பெல்லாம் ‘ஏங்க’ என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

“என் வீட்டுக்காரிக்கு. அடிக்கடி தொலைஞ்சு போயிருவா.”

“பாவம். உங்களத் தேடிட்டுல்லா இருப்பா.”

அவர் கருவியை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, சிக்னல் கிடைப்பதற்காக முற்றத்துக்குக் கூட்டிப்போனார். வெகுநேரம் கழித்து, அவர் கையிலிருந்த திரையில் பச்சைப் புள்ளி ஒன்று அவர்கள் வீட்டின் மேலேயே மினுங்கியது.

எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

“பக்கத்துலதான் இருக்கா. போய்க் கூட்டிட்டு வாங்க, அண்ணாச்சி. நான் இங்கனயே இருக்கேன்.”