புறங்கைச் சூடு

மகள் தமன்னாவின் நெற்றியில் என் கணவர் இல்யாஸ் புறங்கையை வைத்தார்.

அதே புறங்கையைத் தன் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பெரிய டாக்டர்!

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் அவர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலிருந்து போன மாதம் முதலுதவி வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் யார் தும்மினாலும் இந்தக் கூத்துதான். உள்ளங்கையால் தொடக் கூடாதாம். நோயாளியையும் தன்னையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"ரெண்டும் ஒண்ணுதான் மஹ்ஜி. காய்ச்சலே இல்ல லா. சும்மா பயப்படாத" என்றார் என்னிடம்.

பயப்படாமல் எப்படி இருப்பது? கீழ்வீட்டு வீரம்மா அக்காவின் மகனுக்கு டிங்கி, கொசுக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தானே என்று விட்டுவிட்டார்கள். இப்போது ஐசியூவில் கிடக்கிறான். அவனுக்குப் பார்க்க அக்கா இரவல் வாங்கிப்போன எங்கள் தெர்மாமீட்டரும் அக்காவின் கைப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

காலையில்தான் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி முழுக்கக் கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் இன்னும் அந்த நாற்றம் இருந்தது.

நானும் பிள்ளையைத் தொட்டேன். கொதித்தது. அல்லாவே!

"உன் கையப் பாரு. இப்பதான் ஐஸ் மீனக் கழுவிட்டு வந்திருக்க. அந்தக் கைக்கு எல்லாமே சுடும்." சிரித்தார்.

அதுவும் சரிதான். என் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. படித்துவிட்டு வந்தவர் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்த காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பிள்ளைக்குக் குளிருமாம். புகை பட்டுக் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே அவரும் அவளுடைய போர்வைக்குள் புகுந்துகொண்டார்.

நான் மீன்குழம்பை இறக்கி வைத்தேன். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். விறைப்பெல்லாம் போயிருந்தது.

இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய புறங்கை இன்னும் பிள்ளையின் நெற்றிமேல் கிடந்தது. பாசத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போமே என்று அந்தக் கையை மெல்லப் பிடித்துத் தூக்கினேன்.

சுட்டது.

பதறிப்போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். அவருடைய நெற்றியைத் தொட்டேன்.

"என்னங்க! எந்திரிங்க!" உலுக்கினேன். இருவரில் ஒருவர்கூடக் கண் திறக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதான்.