மிஞ்சிய ஓரசை

திருகாணியின் மரை பட்டறைக்குப் பட்டறை மாறிய காலம். இரும்புப் பாலத்துக்கு இரண்டு பட்டறைகளிலிருந்து சாமான் வந்திருந்தது. ஒன்றின் ஆணி மற்றதன் நட்டில் ஏறவில்லை. ஓவர்சியர் வேதகிரி முதலியார் சம்மட்டியால் அடித்து இறக்கச் சொன்னார். மூன்றாம் நாள் ஓர் ஆணி பிதுங்கியது. உத்தரம் சரிந்து நான்கு கூலிகள் செத்தார்கள்.

நினைவுக் கல்லில் வெட்ட அவரே ஒரு வெண்பா எழுதினார். வெண்பா என்றால் அவருக்கு உயிர். ஊராரைக் கூட்டிவைத்துப் பாடிக் காட்டினார். அதில் மூன்று பெயர்கள்தான் இருந்தன.

செத்துப்போன சின்னக்கருப்பனின் மனைவி வீராயி முன்னால் வந்தாள்.

"எம் புருசன் பேரு எங்க எசமான்?"

"ஓரசை மிஞ்சுது. வெண்பாவுல சேராது, போ."

"அன்னைக்கு ஆணியுந்தான் சேரல. அடிச்சு எறக்கச் சொன்னீங்களே?"

முதலியார் எழுதுகோலை எடுத்தார். பிறகு ஒரு பெயரைத் தூக்கிவிட்டு அங்கே சின்னக்கருப்பன் என்று எழுதி, 'சின்ன' என்பதை மட்டும் அடித்தார். வாய்விட்டுப் பாடிப் பார்த்தார். ஓசை அழகாக உட்கார்ந்தது.

கருப்பன் என்பது அவள் புருஷனுடைய அண்ணன் பெயர். அவன் அந்த நேரம் பாலத்தின் மறுமுனையில் சம்மட்டியை ஓங்கிக்கொண்டிருந்தான்.