ஒரே டேக்

“முழுப் படத்தையும் ஃபிலிம்லதான் எடுப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்கதானே மேடம்? இப்ப இந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் டிஜிட்டலா?”

இயக்குநருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சூப்பர் ஹீரோ மொட்டை மாடியிலிருந்து குதிக்கும் காட்சி, படத்துக்கே உயிர்நாடி.

“பெரிய இமேஜ் சென்சார் வச்ச டிஜிட்டல் கேமரா வரவழைச்சிருக்கேன். எவ்வளவு பெரிய திரையில போட்டாலும் ஃபிலிமுக்கு ஒரு மாற்றுக் குறையாது” என்றார் ஒளிப்பதிவாளர். “ஃபிலிம்னா லேப்ல கழுவி வந்தப்புறம்தான் சரியா வந்துச்சான்னு தெரியும். இதுல உடனே பார்த்துக்கலாம்.”

“சரியா வரலைன்னா மறுபடியும் குதிக்கச் சொல்லுவோம். டூப்புக்கு அதுதானே வேலை?”

ஒளிப்பதிவாளர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“ஆக்‌ஷன்!”

முகமூடி அணிந்த உருவம் மாடி விளிம்பிலிருந்து பாய்ந்தது. சிவப்பு அங்கி காற்றில் விரிய, கீழே இருந்த காற்று மெத்தையில் வந்து விழுந்தது.

“பிரமாதம்! எதுக்கும் இன்னொண்ணு எடுத்து வச்சுக்கலாம்” என்றார் இயக்குநர்.

ஒளிப்பதிவாளர் மானிட்டரில் அந்த ஷாட்டை ஓட்டினார். “குறை சொல்லுங்க, எடுக்கலாம்.”

இயக்குநர் உற்றுப் பார்த்தார், திரும்பவும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். மருந்துக்கும் குறையில்லை.

“ஓகே மேடம். நீங்க சொன்னா சரி.”

மெத்தையிலிருந்து இறங்கிய டூப், முகமூடியைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள்.

“அவ்வளவுதானா? இன்னொரு தடவை குதிக்கலாம்னு ஆசையா இருந்தேனேம்மா!”

“உனக்கென்னடி?” என்றார் ஒளிப்பதிவாளர். “வேற அம்மாவா இருந்தா கண்ணை இறுக்க மூடிக்கிட்டிருப்பா. நான் இமைக்காம பார்த்தாகணும். ஒரு தடவை போதும்!”