அடையாறு பாலத்து ஒற்றன்

"தூக்குடா கையை!"

கிச்சா இரண்டு கைகளையும் தூக்கினான். ஒரு கையில் பென்சில், இன்னொன்றில் நோட்டுப் புத்தகம்.

எதிரே நின்றவர் வெள்ளைத்துரை. மந்தைவெளியில் விறகுத்தொட்டி வைத்திருப்பவர். யுத்தம் வந்த பிறகு, விமானக் குண்டுவீச்சிலிருந்து ஜனங்களைக் காக்கும் ஏ.ஆர்.பி. வார்டன். தலைக்குத் தகரத் தொப்பி, கைக்குப் பட்டை, கழுத்துக்கு விசில் என்று சர்க்கார் அவரை ஒரு குறையில்லாமல் அலங்கரித்திருந்தது. ஜப்பான்காரன்தான் ஒத்துழைக்கவில்லை. 1943 ஜூன் மாதம் பிறந்தும் தன் வட்டாரத்தில் ஒரு குண்டுகூட விழாததில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம் உண்டு.

"பாலத்து மேல நின்னுக்கினு இன்னாடா எழுதறே?"

"லாரி எண்ணறேன் மாமா. நேத்திக்கு மிலிட்டரி லாரி நாப்பத்திரண்டு, ஜட்கா பதினேழு..."

"வாயாலேயே ஒத்துக்கறியா! யாருக்கு அனுப்பறே? டோக்கியோவுக்கா?"

"சுப்பராமன் சாருக்கு."

ஊத எடுத்த விசிலை வார்டன் மெல்ல இறக்கினார்.

"எந்த சுப்பராமன்?"

"எங்க கணக்கு வாத்தியார் மாமா. செகண்ட் ஃபார்ம் பி செக்‌ஷன். லீவுக் கணக்கு குடுத்திருக்கார். ஏழு நாள் காலம்பர ஒரு மணி நேரம் ரோட்ல போற வண்டியெல்லாம் எண்ணி, சராசரி போடணும். நான் பரீட்சையில கணக்குல ஃபெயில். இந்த நோட்டைக் காட்டினாத்தான் தேர்ட் ஃபார்முக்குத் தள்ளிவிடுவாராம். இல்லேன்னா மறுபடியும் செகண்ட் ஃபார்ம்தான். அப்பா என்னை ஆத்துக்குள்ளயே சேர்க்க மாட்டார்."

பாலத்தோரம் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஜைதூன் பீ கூடையைவிட்டு எழுந்து வந்தாள்.

"யா அல்லா, அந்தப் புள்ளையை வுடு நைனா! ஆறு நாளா வெயில்ல எண்ணிக்கினு கீது. மூஞ்சைப் பாரு, கருவாடாட்டம் ஆயிட்ச்சு."

"நீ சும்மா இரு பீ. இது ராஜாங்க விஷயம்."

வார்டன் கைப்பிடிச் சுவரில் வசதியாகச் சாய்ந்து நோட்டைப் பிரித்தார். விசாரணை தொடங்கியது.

"இங்க ஒரு எடம் காலியா கீதே, அது யாருக்கு?"

"இன்னிக்குக் கணக்கு மாமா. இன்னும் கால் மணி பாக்கி."

"அப்ப எண்ணு. அரைகுறை ஆதாரத்தைக் கோர்ட்ல எடுத்துக்க மாட்டான்."

காவலில் இருந்தபடியே கிச்சா எண்ணினான். கரிப்புகை கக்கிக்கொண்டு ஒரு பஸ் போனபோது, "அதோ, அத்த வுட்டுட்டியே!" என்று வார்டனே எடுத்துக் கொடுத்தார். ராஜாங்க விஷயத்தில் அவர் அவ்வளவு கண்டிப்பு.

"லாரி சராசரி இன்னா?"

"ஏழு நாளும் சேர்த்து எரநூத்தி அறுபத்தாறு. ஏழால வகுத்தா முப்பத்தெட்டு."

"வகுத்த வழியை எழுது. வெறும் விடையைப் போட்டா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. ஆமா, கூட்டல்ல தப்பு இருந்தா உங்க வாத்தியார் இன்னா பண்ணுவார்?"

"பெஞ்சு மேல ஏத்துவார் மாமா."

"அப்ப இன்னொரு வாட்டி கூட்டு."

கூட்டினான். சரியாகவே இருந்தது. வார்டன் திருப்தியுடன் பக்கத்தைப் புரட்டியவர், துள்ளி நிமிர்ந்தார்.

"'இருட்டில் கப்பல் கரையை நெருங்கியது. காப்டன் விளக்கை அசைத்தான்.' எந்தக் கரைடா? சாந்தோமா?"

"கதை மாமா! லீவுல ஒரு புஸ்தகம் படிச்சு, பத்து வரியில சுருக்கி எழுதணும். அதுவும் இதே நோட்டுலதான்."

"எட்டு வரிதானே கீது? கடைசில இன்னா ஆச்சு?"

"புதையலும் கிடைக்கல, ஒண்ணும் கிடைக்கல. எல்லாரும் வெறுங்கையோட ஊருக்குத் திரும்பிட்டா."

"அத்தையும் எழுதி முடி."

கிச்சா முடித்தான். வார்டன் மை காய ஊதுவதுபோலப் பென்சில் எழுத்தை ஊதி, நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"சின்னப் பையன்னு ஜெயிலுக்கு அனுப்பாம வுடறேன். ஆனா நோட்டு இனிமே சர்க்கார் சொத்து."

"ஐயோ மாமா! நாளன்னிக்குப் பள்ளிக்கூடம் தொறக்கறது. ஏழு நாள் கணக்குக்கு நான் எங்க போவேன்?"

"வேற எங்கியாவது நின்னு எண்ணு. ஒண்ணு சொல்லிட்டேன், இதுல இருக்கற நம்பர் ஒண்ணுகூட அதுல வரப்படாது. கதையும் வேற கதையா இருக்கணும். வந்துது, அப்பறம் நான் பொறுப்பில்லை."

"நான் மறுபடியும் செகண்ட் ஃபார்ம்ல உக்காரணுமே மாமா!"

"யுத்த காலம்பா. அவனவன் உயிரையே குடுக்கறான். நீ ஒரு கிளாஸ் குடுக்க மாட்டியா?"

ஒரு கிளாஸைக் கொடுக்கும் அளவுக்குக் கிச்சாவின் தேசபக்தி வளரவில்லை. அழுதுகொண்டே பின்னால் ஓடினான். ஜைதூன் பீ மண்ணை வாரித் தூற்றியதையும் வார்டன் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறு என்று நடந்து, மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் திரும்பி, தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

தட்டலாமா என்று கிச்சா கையை ஓங்கியபோது, உள்ளே வார்டனின் குரல் கேட்டது.

"டேய் வேலு! கோலி ஆடினது போதும், எழுந்து வா. உங்க சுப்பராமன் சார் குடுத்த லீவுக் கணக்கு முடிஞ்சுபோச்சு. குந்திக்கினு அப்படியே பார்த்து எழுது. பேரை மட்டும் மறக்காம மாத்திடு!"