மேடையேறிய அண்டா

ஒரு நகரத்தின் ஆன்மா அதன் சமையல் பாத்திரத்தில்தான் குடியிருக்கிறது. டப்ளின் நகரத்தின் ஆன்மா இருபது லிட்டர் பிடிக்கும். உணவு மரபு விழாவின் தலைவர் ஃபெர்கஸ், தன் அம்மாவின் பழைய அண்டாவைக் காட்டி ஏறக்குறைய இப்படித்தான் பேசினார். அண்டாவில் சாசேஜும் உருளைக்கிழங்கும் போட்ட 'காடில்' என்ற டப்ளின் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் கிண்ணம் மேயருக்கு.

பேசிவிட்டு இறங்கியவரின் கோட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தார் அக்கா டிம்ப்னா.

"இதை எங்கேர்ந்துடா எடுத்தே?"

"நம்ம வீட்டுக் கொட்டகையிலேர்ந்துதான். ஏன், உனக்கு வேணுமா?"

"எனக்கு எதுக்கு? முதல்ல அடுப்பை அணைக்கச் சொல்லு."

"பொறாமைக்கா உனக்கு. இந்த அண்டாவைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தினமும் காலையில ஆவி பறக்கும், ஜன்னலெல்லாம் வேர்த்து வழியும். அம்மா பாடிக்கிட்டே கிண்டும். கிட்டப் போனா, சுடும் போடான்னு விரட்டும்."

டிம்ப்னாவின் முகம் இளகியது. "நல்லாத்தான் பாடும். இப்பவும் காதுலயே இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அம்மா காடில் செஞ்ச பாத்திரம் என்கிட்ட இருக்குடா. சின்னது. சனிக்கிழமை மட்டும்தான் அடுப்பேறும்."

மேடையில் கைதட்டல். மேயர் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார்.

"அப்போ இதுல தினமும் அம்மா என்னதான் சமைச்சுது?"

டிம்ப்னா குரலைத் தாழ்த்தினார்.

"சமைக்கலடா. நம்ம ஒன்பது பேரோட பீத்துணியையும் இதுலதான் அவிச்சுது."