வெட்டிப் போட வேண்டிய நொடிகள்

என் மனைவியின் குரல் நொடிக்கு நாற்பது ரூபாய். வீட்டு வீடியோக்களைச் சேமித்து வைக்க இனிமேல் அதுதான் மாத வாடகையாம். விருதுநகரில் முப்பது வருடம் பருப்பு விற்றவன் நான். பேரம் பேசிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஒரு பைசா இறங்கவில்லை. எனக்கு அறுபது நொடிதான் கட்டுப்படியாகும். மற்றதெல்லாம் முதல் தேதியன்று தானாக அழிந்துவிடும்.

அதனால் எடிட்டிங் வகுப்பில் சேர்ந்தேன்.

"முதல் பாடம் சுலபம் அண்ணாச்சி," என்றாள் அங்கே சொல்லித்தரும் பெர்சிஸ். "கேமராவை ஆன் பண்ணினதும் வர்ற கசமுசா, கடைசியில வர்ற ஆட்டம், ரெண்டையும் வெட்டித் தூரப் போடுங்க. நடுவுல இருக்கிறதுதான் சரக்கு."

மறுநாள் என் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, பருப்பைக் கொட்டிட்டு உமியை மூட்டை கட்டியிருக்கீங்க!"

"கேளு தாயி," என்று ஓட்டிக் காட்டினேன்.

எங்கள் வீட்டில் எப்போதும் படம் எடுத்தது என் மனைவி செண்பகவல்லிதான். அதனால் எந்தப் படத்திலும் அவள் இல்லை. தொடக்கத்தில், "ஓடுதா இது? வயித்தை உள்ள இழுங்க!" முடிவில், "எங்க அமுக்கினா நிக்கும்? சிரிக்காம சொல்லுங்க." அவ்வளவுதான் அவள். காலமாகி நான்கு வருடம் ஆகிறது.

பெர்சிஸ் மீதிப் படங்களின் பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "உங்க மகன் கல்யாணம் மூணு மணி நேரம் இருக்கே, அது?" என்றாள்.

"தாலி கட்டுறதை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்லிக்குடு."

செண்பகவல்லி ஐம்பத்தெட்டு நொடி. மகன் கல்யாணம் இரண்டு நொடி. கணக்கு நேர்.