பீர் வைத்தியம்

அஸ்தம்பட்டி கிளினிக்கில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டினார். “கிட்னியில கல்லு இன்னும் பெருசாயிருக்கு.”

நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்ட பாடெல்லாம் வீணா?

“அதெப்படீங்க பெருசாகும்? மூணு மாசமா ஒருநாள்கூடத் தவறாம ரெண்டு ரெண்டு பீருங்க!”

“பீர் குடிச்சா கல்லு கரையும்னு எவன் சொன்னான்?” டாக்டர் சீறினார்.

“எங்க போர்வெல் ரிக்கு வண்டியில அத்தன பேருஞ் சொல்றாங்க!”

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சௌந்திரம் வெடித்தாள். “கல்லு இருக்கறது என்ற வயித்துலீங்க டாக்டர்! குடிச்சது மட்டும் இவரு!”

“பொம்பள குடிச்சா ஊரு சிரிக்காதா?” நாச்சிமுத்து அவள்மீது பாய்ந்தான். “போன வருசம் உன்ற காய்ச்சலுக்குப் பழனியில மொட்டை போட்டது நானு. அப்ப மட்டும் உனக்குச் சரியாப் போச்சுல்ல?”